இத்தனை வருஷம் நின்ற கட்டடமாம்!

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த வாதம் பழகிப்போயிருக்கும். தண்ணீர் லாரி, வண்டி நிறுத்தும் தகராறு, வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு, "கீழே பில்லர்ல விரிசல் தெரியுது, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டிடலாமே" என்று யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். உடனே மூத்தவர் ஒருவர் எழுந்துகொள்வார். "இருபத்தஞ்சு வருஷமா நிக்குது சார். சுனாமி வந்தப்ப நின்னுது, 2015 வெள்ளத்துல நின்னுது, வர்தா புயல்ல நின்னுது. இனிமேலா விழப்போகுது?" எல்லோரும் சிரிப்பார்கள். விரிசல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

கட்டடப் பாதுகாப்பு பற்றி நம் ஊரில் நடைமுறையில் இருக்கும் கொள்கை இதுதான். வாங்குகிறவர், விற்கிறவர், வாடகைக்கு விடுகிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், பல நேரங்களில் அரசுத் துறைகளும்கூட இதை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். அனுமதி வாங்கியாயிற்று, கட்டி முடித்தாயிற்று, இடிந்துவிடாமல் நிற்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தலைகீழானது. நின்ற ஒவ்வோர் ஆண்டும் கட்டடத்தின் கையிருப்பிலிருந்து ஏதோ கழிகிறது. நாம் அதை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரின் செராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. தமிழர்கள் நாள்தோறும் புழங்கிய வட்டாரம் அது. கீழே வங்கி, மேலே ஹோட்டல் நியூ வேர்ல்டு. 1971-ல் கட்டியது. 1986 மார்ச் 15 அன்று காலை, ஒரு நிமிடத்துக்குள் மொத்தமும் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள். முதலில் எரிவாயு வெடித்திருக்கும் என்றார்கள். அப்போது ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்ததால் அதன்மீதும் சந்தேகம் விழுந்தது. விசாரணைக் குழு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது, நம்பவே முடியாத ஒரு பிழையை. வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். ஆட்கள், மேசை நாற்காலிகள் போன்றவற்றின் பாரம் கணக்கில் இருந்தது. சுவரும் தளமும் தூணும் சேர்ந்த பாரம் இல்லை.

அதாவது, திறந்த நாளிலிருந்தே விழத் தகுந்த கட்டடம் அது. ஆனாலும் 15 ஆண்டுகள் நின்றது. அந்த 15 ஆண்டுகளில் வங்கிக்குக் கனத்த பெட்டக அறை வந்தது, வெளிச்சுவரெல்லாம் ஓடு பதித்தார்கள், மொட்டை மாடியில் குளிர்சாதனக் கருவிகள் ஏறின. 1985-ல் அதன் வாசலில் நின்று யாரிடமாவது கேட்டிருந்தால், "பதினாலு வருஷமா நிக்குதுப்பா" என்ற பதிலே வந்திருக்கும்.

ஒரு கட்டடம் இன்று நிற்கிறது என்பதிலிருந்து நமக்குத் தெரிவது, இதுவரை அதன்மீது வந்த பாரம் இதுவரை அதற்கு இருந்த வலுவைத் தாண்டவில்லை என்பது மட்டுமே. எத்தனை நூலிழையில் தாண்டவில்லை என்பது தெரியாது. நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 படி வடிவமைக்கும்போது, வழக்கமான கணக்கில் பாரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறார்கள், கான்கிரீட்டின் வலுவை 1.5-ஆல் வகுக்கிறார்கள், கம்பியின் வலுவை 1.15-ஆல் வகுக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் உபரி, மேஸ்திரியின் கைத்தவறுக்கும் கலவையில் கூடிப்போன ஒரு வாளித் தண்ணீருக்கும் நம் அறியாமைக்கும் என்று ஒதுக்கியது. அதைத்தான் நாம் வருஷா வருஷம் சத்தமில்லாமல் சாப்பிடுகிறோம். பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறோம். மாடியில் ஒரு ரூம் இழுக்கிறோம். செல்போன் கோபுரத்துக்கு இடம் விடுகிறோம். 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 5 டன் என்பது அதை மாடிக்கு ஏற்றும்போது எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது?

தென்கொரியாவின் சியோல் நகரில் 1995 ஜூன் 29 அன்று விழுந்த சாம்பூங் பேரங்காடி இந்தச் சாப்பாட்டின் உச்சம். நாலு மாடிக்குப் போட்ட திட்டத்தில் ஐந்தாவது மாடி சேர்ந்தது, அதில் கனத்த தரையோடு உணவகங்கள் வந்தன, மொட்டை மாடியிலிருந்த குளிர்சாதன எந்திரங்களை அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்றதும் தளத்தின் மேலேயே உருட்டி வேறு பக்கம் கொண்டுபோனார்கள். அன்று காலை மேல்தளத்தில் விரிசல் விரிந்துகொண்டே போனதை நிர்வாகம் பார்த்தது. மேல்மாடியை மட்டும் மூடிவிட்டு மற்ற மாடிகளில் வியாபாரத்தைத் தொடர்ந்தது. 502 பேர் இறந்தார்கள். நேற்றுவரை நின்றதே என்ற துணிச்சலைத் தவிர அந்த நிர்வாகத்திடம் வேறு ஆதாரம் எதுவும் இருந்திருக்க முடியாது.

பாரம் கூடுவது கண்ணுக்குத் தெரியும். வலு குறைவது தெரியாது. சென்னை, நாகை, தூத்துக்குடி என்று கடலோரம் வீடு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் கான்கிரீட்டின் காரத்தன்மை. அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திவைக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் கொல்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு அதற்கும் காத்திராமல் நேரே படலத்தைத் துளைக்கிறது. சில கட்டடங்களில் உப்பு வெளியிலிருந்து வரவே தேவையில்லை. போர்வெல்லின் உவர்நீரில் கலவை போட்டு, அதே தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார்கள். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு வெடிப்பு தெரிந்தால் அது பூச்சு விரிசல் இல்லை. சுத்தியலால் லேசாகத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும். ஓர் அடி நீளத்துக்குப் பாளம் கையோடு வரும். உள்ளே செதில் செதிலாக உரியும் கம்பியைத் தேய்த்துவிட்டு அளந்தால், 8 மி.மீ. போட்ட இடத்தில் 6 கூட மிஞ்சியிருக்காது.

இதைப் பார்த்ததும் நாம் கூப்பிடும் ஆள் மேஸ்திரி. அவர் கம்பியைப் பிரஷ்ஷால் தேய்ப்பார், ரெட் ஆக்ஸைடு அடிப்பார், சிமெண்ட் கலவை வைத்து அப்புவார், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் வேலை, பார்க்கப் புதிதுபோல் இருக்கும். இதில் ஒரு வினை இருக்கிறது. உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் புதுக் கலவை வந்தால், அந்தத் துண்டின் ஓரத்தில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மின்வேதியியல் அப்படி. இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு வரும்போது, "அந்த ஆளு சரியா பூசல" என்று மேஸ்திரியைத் திட்டுகிறோம். பாவம், அவரிடம் நாம் கேட்டதே பூச்சைத்தான்.

இத்தனைக்கும் பார்க்கும் வழிகள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்துப் புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், செத்த இடம் நிறம் மாறாமல் கிடக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் எல்லோரும் சொட்டுவிட்டு விளையாடிய அதே திரவம்தான். நிறமில்லாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்பது தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மேற்பரப்பில் தட்டி வலுவைக் கணிக்கும் ரீபவுண்டு சுத்தியலை மட்டும் தட்டிவிட்டு எண்ணைச் சொல்கிறவரை நம்பிவிடக் கூடாது. கரியமில வாயு ஊறிய மேற்பரப்பு இறுகிப்போயிருக்கும், அதனால் சுத்தியல் கூடுதல் மதிப்பெண் போட்டுவிடும். நோயாலேயே முகம் மினுமினுப்பாகத் தெரிகிற சமாசாரம் அது.

இனி, நம் ஆட்கள் கடைசியில் எடுக்கும் அஸ்திரம்: "தஞ்சாவூர் பெரிய கோயில் ஆயிரம் வருஷமா நிக்குதே, யார் ஆடிட் பண்ணாங்க?" பெரிய கோயிலில் துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. கல்லின்மேல் கல் அமர்ந்து அழுத்தத்திலேயே நிற்கும் அமைப்பு அது. கம்பியின் இழுவிசையை நம்பி அந்தரத்தில் நீட்டிய பால்கனியோடு அதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. போகட்டும், கோயில்களை யாருமே பார்க்காமல் விட்டார்களா? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு வழக்கத்தை வைத்து, அதற்குமுன் பாலாலயம் செய்து, சாரம் கட்டி, கோபுரத்தில் முளைத்த அரசஞ்செடியை வேரோடு பிடுங்கி, சுதையைச் செப்பனிட்டு, அஷ்டபந்தன மருந்து மாற்றிச் சாத்துகிறார்கள். உலகத்தில் தேதி குறித்துக் கட்டடத்தைப் பார்க்கும் சமூகங்களின் பட்டியல் போட்டால் நம் பெயர் மேலே வர வேண்டும். ஓட்டு வீடுகளில் மழைக்கு முன் ஓடு மாற்றுவதும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதும் அதே புத்திதான். கான்கிரீட் வந்த பிறகுதான் 'தளம் போட்டாச்சு, இனி தலைமுறைக்குக் கவலையில்லை' என்ற மயக்கம் பிடித்துக்கொண்டது.

பார்க்காமல் விட்டால் கோயில் கோபுரமும் விழும். கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நின்றுவிட்டு 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசல் முன்பே தெரிந்திருந்தது. ஐந்நூறு ஆண்டு நின்ற பெருமை அன்றைக்கு ஒரு கல்லையும் தாங்கிப் பிடிக்கவில்லை.

பெரிய கோயில் வாதத்துக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான்: "அந்தக் காலத்துக் கட்டுமானம் சார், இப்பல்லாம் யார் அப்படிக் கட்றாங்க?" அந்தக் காலம் என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் 1980-கள். 1978-ஆம் ஆண்டு ஐஎஸ் 456 கம்பிக் கான்கிரீட்டுக்கு எம்15 கலவை போதும் என்றது (எண் கூடினால் வலு கூடுதல்). தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மி.மீ. மறைப்பு இருந்தால் போதும் என்றது. 2000-ல் திருத்தியபோது குறைந்தபட்சமே எம்20 ஆனது. கடலோரக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30, மறைப்பு 45 மி.மீ. நிலநடுக்கக் கதை இன்னும் மோசம். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் பகுதியில் பூமி அதிர, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் தூண் முறிந்து உட்கார்ந்தன. அடுத்த ஆண்டே நிலநடுக்க விதிநூலைத் திருத்தி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். அதற்குமுன் சென்னையில் ஸ்டில்ட் பார்க்கிங்கோடு கட்டிய கட்டடங்கள் விதி மாறிய அன்றும் எதுவும் மாறாமல் அப்படியே நின்றன. மாறியது அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டிய வலு. வராத பரீட்சையில் தேறியதாகச் சொல்லிக்கொள்வதுதான் அவற்றின் 'நின்ற' கணக்கு.

அனுமதி இருக்கிறதே என்பவர்களுக்குச் சென்னைப் புறநகர் மவுலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று மாலை மழையில் அங்கே அனுமதி பெற்றுக் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்தது என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பக்கத்தில் விழாமல் நின்ற அதன் இரட்டை. 2015 டிசம்பர் பெருமழையிலும் அது நின்றது. சங்கத்து மூத்தவரின் தர்க்கப்படி அதற்கு நற்சான்று கொடுத்துக் குடியேறியிருக்க வேண்டும். 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிற்பது வேறு, நம்பிப் படுத்து உறங்கத் தகுந்தது வேறு என்று அந்த ஒரு தடவையாவது அரசும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டன.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. சங்கத்துப் பெரியவர் அதைச் சொல்வதில்லை, வாடகைக்காரர்களும் வாரியக் குடியிருப்புவாசிகளும் சொல்வார்கள். பரிசோதனை என்று வருகிறவன் 'அபாயகரமான கட்டடம்' என்று ஒட்டிவிட்டுப் போவான், பிறகு பில்டர் வருவான், நாங்கள் தெருவில் நிற்போம் என்பார்கள். மும்பையில் 30 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்குச் சட்டப்படி கட்டாயத் தணிக்கை உண்டு. அந்த அறிக்கையே ஆட்களைக் காலி செய்யும் ஆயுதமாகிறது என்று வழக்குகளும் அங்கே உண்டு. இங்கே 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது. மிச்சமுள்ள ஒரு பங்குக்கு இந்தப் பயம் வருவது நியாயம். பள்ளிக் கட்டட உறுதிச் சான்றிதழ்கள் கட்டடத்தைப் பாராமலே கையெழுத்தாகும் என்ற புகாரும் ஊரறிந்தது.

ஆனால் இந்தப் பயங்கள் எல்லாம் யார் பார்க்கிறார்கள், யார் கையில் அறிக்கை இருக்கிறது என்பதைப் பற்றியவை. பார்க்கவே வேண்டாம் என்பதற்கு இவை வாதமாகாது. ஹோட்டல் நியூ வேர்ல்டுக்குப் பிறகு சிங்கப்பூர் 1989-ல் கொண்டுவந்த சட்டம் குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. பார்க்கும் பொறியாளருக்கு அந்தக் கட்டடத்தில் எந்தப் பண ஆதாயமும் இருக்கக் கூடாது. முதலில் கண்ணால் பார்ப்பது. சந்தேகம் வந்தால் மட்டும் துளையிட்டு ஆராய்வது. தனி வீடுகளை அது தொடுவதில்லை. ஏழைகளின் ஓட்டு வீட்டில் அதிகாரி நுழைவான் என்று இங்கே பூச்சாண்டி காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

யாரும் வராவிட்டாலும் குடியிருப்பவர்களின் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைத் திருவொற்றியூர் காட்டியது. அங்கே முப்பது ஆண்டுகூட ஆகாத வாரியக் குடியிருப்பில் விரிசல் பெரிதாவதைப் பார்த்த மக்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட தொகுப்பு அப்படியே சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. டாக்காவின் ராணா பிளாசாவிலும் 2013-ல் முந்தின நாளே விரிசல் தெரிந்தது. வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியேறலாமா என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை திருவொற்றியூர்க்காரர்களிடம் இருந்தது, அந்தத் தையல் தொழிலாளர்களிடம் இல்லை.

செலவு? அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்து சர்ஃப்சைடில் 1981-ல் கட்டிய கடற்கரை அடுக்குமாடி ஒன்றை 2018-ல் ஒரு பொறியாளர் பார்த்து, நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் கான்கிரீட் கெட்டுக்கிடப்பதை எழுதிக் கொடுத்தார். செப்பனிட ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். யார் எவ்வளவு போடுவது என்று சங்கம் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டது. 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. 98 பேர். பராமரிப்புக் கட்டணத்தை ஐந்நூறு ரூபாய் கூட்டுவதற்குள் மூன்று பொதுக்குழு நடத்தும் நம் சங்கங்களுக்கு அந்தச் சண்டை நன்றாகவே புரியும். கான்கிரீட் ஆய்வாளர் டி சிட்டர் சொன்ன கணக்கு ஒன்று பொறியாளர்களிடையே வழங்குகிறது: கட்டும்போது ஒரு ரூபாயில் முடிகிற காரியம், பராமரிப்பில் ஐந்து, செப்பனிடுவதில் இருபத்தைந்து, மாற்றிக் கட்டுவதில் நூற்றிருபத்தைந்து.

நம் ஆட்கள் கவனமில்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. வீடு வாங்கும்போது முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்குகிறோம். நிலத்தின் முப்பது வருஷ சரித்திரம் வேண்டும், அதன்மேல் நிற்கும் தூணில் எத்தனை கம்பி என்று ஒரு தாள் வேண்டாம். மண் பரிசோதனை அறிக்கை, தூண்-பீம் வரைபடம், கான்கிரீட் கட்டிச் சோதனை முடிவு, பின்னால் யார் எந்தச் சுவரை எடுத்தார்கள் என்ற குறிப்பு, கடைசியாகப் பார்த்த பொறியாளரின் அறிக்கை, அத்தனையும் ஒரே கோப்பில் அடங்கும். மும்பை காட்கோபரில் 2017-ல் 17 பேரைக் கொன்ற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த மாற்ற வேலைகளை, இப்படியொரு கோப்பும் அதைக் கேட்கும் ஆளும் இருந்திருந்தால் அத்தனை சுலபமாகச் செய்திருக்க முடியாது. இந்தக் கோப்பு இல்லாத அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் கிடையாது என்று வங்கிகள் ஒரு சுற்றறிக்கை விடட்டும். "இருபத்தஞ்சு வருஷமா நிக்குது" என்ற அந்தப் பெரியவரே அடுத்த பொதுக்குழுவில் பொறியாளரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வார்.